தரையில் இழுத்த பேண்ட்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம் என்றுதான் எழுத வந்தேன், பின்னால் நின்று எட்டிப் பார்த்த உன் அம்மா, "இதையும் பொய்யாத்தான் எழுதப் போறீங்களா" என்று கேட்டுவிட்டாள். நாலு நாளில் அவள் என்னோடு பேசியது அது ஒன்றுதான். அதனால் அம்மா நலம் என்று மட்டும் எழுதுகிறேன். போனில் பேசினால் ஏதாவது வேடிக்கை சொல்லி நழுவிவிடுவேன், என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது கடையில் இருக்கிறேன் என்றேனே, கடையில் இல்லை. முதுகில் பட்டை கட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். அதற்கு முந்தின வாரம் மேல் தட்டிலிருந்து ஒரு துணிக்கட்டை இறக்கினேன், பெரிய பாரம் ஒன்றுமில்லை, சட்டைத் துணிதான், நடு முதுகில் சுருக்கென்றது. சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டு தையல் மெஷினில் போய் உட்கார்ந்தேன். அம்மா இழுத்துக்கொண்டு போய்ப் படம் எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியிருக்கிறது, அதற்கு மேலே இன்னொன்று எப்போதோ எனக்கே தெரியாமல் நசுங்கி ஆறியிருக்கிறதாம். எலும்பு டாக்டர் உயரம் கேட்டார். என் கல்யாணக் கோட்டுக்கு அளவெடுத்தபோது குறித்த உயரத்தைப் பெருமையாகச் சொன்னேன். நர்ஸ் நிற்க வைத்துப் பார்த்து இரண்டு அங்குலம் குறைவு என்றாள். உங்கள் அளவுகோல்தான் தப்பு என்று அங்கேயே சண்டைக்குப் போனேன். வீட்டுக்கு வந்து என் டேப்பை அம்மாவிடம் கொடுத்துச் சுவரோடு ஒட்டி நின்றேன், அதே இரண்டு அங்குலம். "ஊர்ல எல்லார் உடம்பையும் அளக்கறீங்க, உங்க உடம்பு மட்டும் கண்ணுக்குத் தெரியலையாக்கும்" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. சர்க்கரைக்கும் எடைக்கும் சேர்த்து வாரம் ஒரு ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து பேண்ட் இடுப்பில் தொளதொளத்தது, பிடித்துத் தைத்தேன். காலும் தரையில் இழுத்தது, இடுப்பு இறங்கினால் கால் இழுக்கத்தானே செய்யும் என்று மடித்துத் தைத்தேன். இடுப்பு சரியான பிறகும் இழுத்தது, மறுபடியும் மடித்தேன். வேறு யாராவது இப்படி வந்திருந்தால், "என்ன சார், குள்ளமாகிட்டே போறீங்க" என்று கேட்டிருப்பேன். என் விஷயத்தில் கண் அவிந்துபோயிற்று. பழைய பேண்டின் ஒரே காலுக்குள் இரண்டு காலையும் விட்டு நின்று உனக்குப் போட்டோ வேறு அனுப்பினேன், நினைத்தாலே கூசுகிறது. டாக்டர் ஊசியைத் திட்டவில்லை, சர்க்கரைக்கு அது வேண்டும் என்கிறார். சர்க்கரைக்காரர் எலும்பு ஏற்கெனவே கொஞ்சம் நொய்ந்ததுதானாம், எடை மளமளவென்று இறங்கினால் கொழுப்போடு தசையும் எலும்பும் சேர்ந்து கரையுமாம். பசிக்காவிட்டாலும் முட்டை, பருப்பு, பால் என்று நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், கொஞ்சம் பாரம் தூக்கிப் பழக வேண்டும் என்று ஊசி எழுதிக் கொடுத்தவரும் முதல் நாளே சொன்னார். நான் டீயும் பிஸ்கட்டுமாகப் பொழுதை ஓட்டினேன்.

என் முதுகோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். எடை குறையும் என்று நான் நச்சரித்ததால் நீயும் அதே ஊசியைப் போடுகிறாய். "ஒரு வேளைதான்பா சாப்பிடறேன், படி ஏறினா கால் நடுங்குது" என்று நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னபோது, எல்லாம் தெரிந்து பட்டையோடு படுத்திருந்த நான், "சபாஷ், அப்படித்தான் இருக்கணும்" என்றேன். உண்மையைச் சொன்னால் அந்தப் போட்டோவுக்கு நீ தட்டிய கைதட்டல் போய்விடுமே என்ற வீம்பு. பெற்ற பெண்ணிடம் அப்படிச் சொன்னதற்கு எனக்கு மன்னிப்பு கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. அடுத்த அறையில் அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள்.

ஊசியை நீயாக நிறுத்திவிடாதே. கால் நடுங்குவதை உன் டாக்டரிடம் சொல், எலும்பைப் பரிசோதிக்க வேண்டுமா என்று கேள், மூன்று வேளையும் சாப்பிடு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். மறக்காமல் ஒன்று செய், மாப்பிள்ளையை விட்டு உன் உயரத்தை அளக்கச் சொல்லி எனக்கு எழுது. இத்தனை நாளாக உன் இடுப்பளவை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
உன் அப்பா