ஐந்தாவது ஆள்

ஏப்ரல் 6, திங்கள்

1. திருச்சி விமான நிலையத்தில் என் பை. தாழ்வு.
2. லங்காவிக் கடற்கரையில் சபுராவின் செருப்பு. உயர்வு.
3. ஓட்டல் அறைக் கதவு. எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.
4. கேபிள் கார். தாழ்வு. இதற்குக் கீழே தாழ்வு இல்லை.
5. முடிவு: சபுரா இனி என்னோடு எங்கும் வரமாட்டாள்.

ஐந்தாவதை எழுதிவிட்டு அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன்.

மலேசியாவிலிருந்து முந்தாநாள் திரும்பினோம். எட்டு நாள், மகன் அன்வர் செலவு. இன்று காலை போனில் சொன்னான்: "அத்தா, எது நல்லா இருந்துச்சு, எது இல்லைன்னு ஒழுங்கா எழுதி அனுப்புங்க. அதப் பாத்துட்டுத்தான் அடுத்த வருஷம் உங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் போடுறதா வேண்டாமான்னு யோசிக்கணும்." விளையாட்டாகச் சொன்னானா? தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வரிசைப்படுத்தியிருக்கிறேன். நாளுக்கு ஒன்றிரண்டாக விரித்து எழுத வேண்டும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

முதல் குறிப்பு. அந்த ரெக்சின் பை முப்பத்து நான்கு வருடம் என்னோடு பட்டாசுக் கம்பெனிக்குப் போய் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு சபுரா அதை இரண்டு முறை துவைத்தாள். ஆனாலும் விமான நிலையத்தில் ஒரு துணித் துண்டால் பையைத் துடைத்து, அந்தத் துண்டை வெடிமருந்து கண்டுபிடிக்கும் இயந்திரத்தில் வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இதில் என்ன வைத்திருந்தீர்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தேன் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். நான் வேதியியல் பட்டதாரி. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியத் தூள்" என்று, அவர் எழுதிக்கொள்ள வசதியாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை. இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்.

நாற்பது நிமிடம் ஆயிற்று. கடைசியில் சபுரா முன்னால் வந்தாள். "சார், இவுக வெடி வெடிக்கிற ஆளு இல்ல. வெடிச்சிராமப் பாத்துக்கிட்ட ஆளு."

விட்டுவிட்டார்கள். என் வேலையை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அப்படியானால் இது தாழ்வுதானா? ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 8, புதன்

இரண்டு. அலை வந்து சபுராவின் செருப்புகளை இழுத்துக்கொண்டு போனது. நான் முழங்கால் ஆழம் வரை போய் ஒன்றை மீட்டேன். முழங்காலுக்கு மேல் போகக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்ததால் மற்றதை விட்டுவிட்டேன். அவள் ஒற்றைச் செருப்போடு ஓட்டல் வரை சிரித்துக்கொண்டே நடந்தாள். உயர்வுதான். சந்தேகமில்லை.

மூன்று. கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்குள் நுழையும் முன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் உள்ள மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். தொடாமல் எந்த அறைக்குள்ளும் நுழைய எனக்குக் கால் வராது. ஓட்டலில் தகடு இல்லை. கதவுக் கைப்பிடியைத் தொட்டு, மூன்று எண்ணி, பிறகு நுழைந்தேன். நான்காவது நாள் பார்த்தால் எதிர் அறைச் சீனத் தம்பதியும் தங்கள் கைப்பிடியைத் தொட்டு நின்றுவிட்டு நுழைகிறார்கள். ஓட்டல் வழக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

ஏப்ரல் 9, வியாழன்

நான்காவதை எழுத உட்கார்ந்தேன். பேனாவில் மை இல்லை. இருந்தது. எழுதவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்ததும் எழுதிவிடுகிறேன்.

கேபிள் கார் பெட்டியில் ஆறு பேர் ஏறலாம். சபுரா முதலில் ஏறினாள். பின்னால் மூன்று இளம்பெண்கள் ஏறினார்கள். அடுத்து நான்.

கம்பெனியில் எங்கள் மருந்து அறைகளில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. சுவரிலேயே எழுதியிருக்கும். ஐந்தாவது ஆள் வாசலில் காலை வைத்தால் நான் கையை நீட்டி மறிப்பேன். சீசன் நேரத்தில் முதலாளியையே மறித்திருக்கிறேன். அன்று ஐந்தாவது ஆள் நான். கை தானாக நீண்டது. என்னை நானே மறித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் வந்துவிட்டேன். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குள் சபுராவின் முகம் மேலே போனது.

அடுத்த பெட்டியில் ஏறியிருக்கலாமே? அதிலும் நான்கு பேர் ஏறிவிட்டார்கள். அதற்கடுத்ததிலும்.

என்ன மனுசன் நான் — பாஷை தெரியாத ஊர்ல பொண்டாட்டிய அந்தரத்துல அனுப்பிட்டு, கீழ நின்னு பெட்டிய எண்ணிக்கிட்டு இருந்தேனே —

ஒரு மணி பத்து நிமிடம் கழித்து இறங்கி வந்தாள். "டீ குடிப்போமா?" என்றாள். அவ்வளவுதான். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

எம். புதுப்பட்டியிலிருந்து கருப்பம்மாள் வந்திருந்தாள். கம்பெனியில் எனக்குக் கீழே இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். சபுரா மலேசியாவில் வாங்கிய சாக்லேட்டை எடுத்துக் கொடுத்து முன்னறையில் பேசிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே இருந்தேன். ஒட்டுக்கேட்பது தவறு. கேட்டேன்.

"அம்புட்டு உசரத்துக்குத் தனியாவா போனீக? பயமா இல்லையாக்கா?"

"பயமா? ஏட்டி, கல்யாணமாகி நாப்பத்தொரு வருஷத்துல அன்னைக்குத்தான் 'அங்கன தொடாத, இங்கன நிக்காத, கம்பியப் பிடி'ன்னு ஒரு சத்தம் இல்லாம ஒரு எடத்தப் பாத்தேன். கீழ கடலு, பக்கத்துல மேகம். அந்தப் பிள்ளைக எனக்கு ஐஸ் வாங்கித் தந்துச்சுக. எறங்கி வரவே மனசில்ல."

"ஐயா எங்களையும் அப்படித்தான். அஞ்சாவது ஆளுன்னா பெத்த ஆத்தாளையும் வெளிய நிப்பாட்டிருவாக."

"இப்ப அவுகளையே நிப்பாட்டிக்கிட்டாக!"

இருவரும் சிரித்த சிரிப்பில் டம்ளர் உருண்ட சத்தம் கேட்டது. பிறகு கருப்பம்மாள் சொன்னாள்: "சிரிக்கோம். ஆனா எங்க ஷெட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் பத்து வெரலோட இருக்கோம்லக்கா."

சபுரா உருண்ட டம்ளரை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், "அடுத்த வருஷம் என் தங்கச்சி நசிமாவக் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு இருக்கேன்" என்றாள்.

ஆக, என் மிகப் பெரிய தாழ்வு அவளுடைய மிகப் பெரிய உயர்வு. நான்காவதை எந்தப் பக்கம் எழுத? ஐந்தாவதில் குழப்பமில்லை. அடிக்கோடிட்டேன்.

ஏப்ரல் 15, புதன்

அன்வர் கேட்டான். இன்னும் முடியவில்லை என்றேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மாலையில் விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சி. நசிமா வீடு அங்கேதான். அக்காவும் தங்கையும் ராட்சத ராட்டினத்தில் ஏறுவதென்று முடிவாயிற்று. "நீங்க கீழ நின்னு பையப் பாத்துக்கோங்க" என்றாள் சபுரா.

பெட்டியின் மேல் சிவப்பு மையில் 4 என்று எழுதியிருந்தது. அவர்கள் இரண்டு பேர், நான் ஒருவன். மூன்று. இரும்புத் தூணைத் தொட்டேன். மூன்று எண்ணினேன். ஏறி உட்கார்ந்தேன். இறங்கும்வரை ஒரு புத்திமதியும் சொல்வதில்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

கதவுக் கொக்கி சரியாக மாட்டவில்லை. பார்த்துவிட்டேன். சொல்லவில்லை. ஆறு சுற்றும் அதைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

நசிமா முதல் சுற்றிலேயே கண்ணை மூடி, அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "யக்கா, எறக்கச் சொல்லு! யா அல்லா, எறக்கச் சொல்லு!" என்று ஊரே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள். உச்சியில் நின்றபோது ஊர் விளக்குகள் எல்லாம் தெரிந்தன. எனக்கு. சபுராவுக்கு நசிமாவின் முக்காடு மட்டும் தெரிந்திருக்கும்.

திரும்பும்போது பஸ்ஸில் சபுரா என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பாகக் கன்றியிருந்தது.

"கொக்கியா?"

"ம்."

"சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

திருத்தங்கல் தாண்டும்வரை கையை விடவில்லை. பிறகு சொன்னாள்: "அடுத்த வருஷம் நசிமா வேண்டாம். அவ கத்துற கத்துல ஒண்ணையும் பாக்க விடமாட்டா. நீங்களே வாங்க. நீங்கன்னா சத்தமில்லாமக் கீழ நிப்பீக."

வீட்டுக்கு வந்ததும் அன்வருக்கான தாளை எடுத்தேன். ஐந்தாவது குறிப்பு தவறு என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டேன்.