லகோனியா என்ற பெயர் வேண்டாம்

அன்பு மகன் சவேரியோவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் இங்கே சுகம், முழங்கால் வலி மட்டும் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. டொராண்டோ குளிரில் நீயும் மருமகளும் பச்சைப்பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் பழைய குடும்பப் பெயர் பரில்லா இல்லை, லகோனியா என்று கண்டுபிடித்துவிட்டதாகக் குதித்துக்கொண்டு எழுதியிருந்தாய். பிள்ளைக்கு வழக்கப்படி உன் அப்பா பெயரான கோசிமோவை வைத்து, கூடவே லகோனியாவையும் சேர்த்து, ஆகஸ்டில் இங்கே நம் ஊர்க் கோவிலில் ஞானஸ்நானம் கொடுக்கப்போகிறாயாம். நானும் பெருமையாகக் கோவிலுக்குப் போய்ப் பழைய ஏடுகளைக் காட்டச் சொன்னேன். போகாமலே இருந்திருக்கலாம்.

உன் அப்பாவின் தாத்தா கோசிமோ, ஞானஸ்நான ஏட்டில் லகோனியாதான். நீ அனுப்பிய கல்யாணச் சான்றிதழில் பரில்லா, அது அவன் அம்மா வீட்டுப் பெயர். ஏன் மாற்றினான் என்பதைச் சாவு ஏட்டின் ஓரத்தில் அந்தக் காலத்துச் சாமியார் எழுதி வைத்திருக்கிறார். சீட்டாட்டத்தில் ஒருவனைக் குத்திக் கொன்றிருக்கிறான் நம் ஆள். செத்தவனின் அண்ணன் தம்பிகள் கோடரியோடு இவன் வேலை பார்த்த எண்ணெய்ச் செக்குக்கு வந்து, "எவன்டா கோசிமோ லகோனியா? வெளிய வாடா" என்று கத்தியிருக்கிறார்கள். தாத்தா பெயரைத்தான் மூத்த பிள்ளைக்கு வைப்போம், உனக்குத் தெரியாததா, அதனால் அங்கேயே வேலை பார்த்த இவன் சித்தப்பா மகனும் கோசிமோ லகோனியாதான். ஒன்றும் அறியாத பத்தொன்பது வயதுப் பையன், "நான்தான், என்ன வேணும்?" என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். தலையிலும் கழுத்திலும் ஏழு வெட்டு. பிழிந்த எண்ணெயெல்லாம் சிவந்துபோனதாம். நம் ஆள் மூன்றடி தள்ளி வைக்கோலுக்குள் படுத்து எல்லாவற்றையும் கேட்டான், வாயைத் திறக்கவில்லை. அன்றே சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மலை தாண்டி ஓடினான். அவன் பிள்ளைகள்தான் பின்னாளில் பரில்லாவாக இங்கே திரும்பி வந்தார்கள்.

மனசு கேட்காமல் ரொட்டிக்கடை புரூனோ லகோனியாவிடம் போய்ச் சொன்னேன், வெட்டுப்பட்டவனுடைய தம்பியின் பேரன் அவன். கையிலிருந்த கத்தியை ஓங்கிப் பலகையில் குத்தினான். "எங்க வீட்ல மூணு தலைமுறையா யாருக்கும் கோசிமோன்னு பேர் வெக்கலக்கா. ஒங்க பேரனை நான் கோசிமோ லகோனியான்னு கூப்பிட்டா, நான்தான்னு வருவானே, அத எப்படிக்கா நான் பாக்கறது?" என்றான்.

அந்தக் கோழை முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது. ஆனால் அவன் வாய் திறந்திருந்தால் உன் அப்பா இல்லை, நீ இல்லை, இந்தப் பிள்ளையும் இல்லை. அதை நினைத்து அழுகிறேன்.

மருமகளை நல்ல சாப்பாடு சாப்பிடச் சொல். உங்கள் மூவரையும் கடவுள் காப்பாற்றட்டும். மறக்காதே, பிள்ளையைக் கோசிமோ பரில்லா என்றே பதிந்துகொண்டு வா. ஓடிப்போனவன் போட்டுக்கொண்ட பெயர் அது, நமக்கு அதுதான் சொந்தம்.

உன் அம்மா,
ஃபிலோமெனா