நடுவில் வெட்டிய சால்வை

ஆம்பூர்
14 நவம்பர் 2025

அன்புள்ள சுஹேல்,

இங்கே நானும் அம்பிகாவும் நலம். டொராண்டோவில் நீயும் மகள் சஹரும் குளிருக்கு அடங்கி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நான் பொய் சொல்லிவிடுவேன் என்று அம்பிகா சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

சஹர் கல்யாணத்துக்கு அவள் அம்மா வஹீதாவின் சால்வை வேண்டும் என்று நீ கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. சால்வை பத்திரமாக இருக்கிறது. 'பத்திரம்' என்பதற்கு என்ன பொருள் என்பதைக் கடிதம் முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

முதலில் ஊர்ச் செய்தி. பாலாற்றில் தண்ணீர் வந்தது. ஊரே பாலத்தில் நின்று போட்டோ எடுத்தது. நம் பழைய தொழிற்சாலையில், தோலைத் தரம் பார்த்துக் கழிக்கும் செலக்‌ஷன் மேஜைக்கு மேலே இப்போது ஒரு கேமரா தொங்குகிறது. நான் முப்பத்து நான்கு வருஷம் பார்த்த வேலையை அது பார்க்கிறது. டீ கேட்பதில்லை. தப்பு செய்யுமா என்று அங்கே இருந்த பையனிடம் கேட்டேன். "செய்யும் சார், ஆனா ஃபீல் பண்ணாது" என்றான்.

அந்த மேஜை உனக்கு ஞாபகம் இருக்கும். தொண்ணூற்றாறில் டெல்லி தோல் கண்காட்சிக்குப் போய்விட்டு, லாட்ஜ் வாசலில் ஒரு காஷ்மீர்க்காரரிடம் ஆட்டு ரோமத்தில் நெய்த அசல் பஷ்மினா என்று வாங்கிய சால்வையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தாய். வஹீதாவிடம் கொடுப்பதற்கு முன்னால் பெருமை தாங்காமல் என் மேஜையில் விரித்தாய். கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கினேன். நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடியது. "டூப்பு. விஸ்கோஸ். உன்ன நல்லா ஏமாத்திட்டான் தோஸ்த்" என்று சொல்லி, சாக்பீஸால் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறியும் போட்டேன். கழித்த தோலுக்குப் போடும் அதே குறி. ஷெட்டே சிரித்தது. நீ மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. செலக்டர் குறி போட்ட பிறகு சேல்ஸ்காரன் மறுத்துப் பேசக்கூடாது என்பது அங்கே இருந்த வழக்கம். முதலாளியே பேசமாட்டார்.

நீ வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனாலும் மார்கழி தவறாமல் வஹீதா அதைப் போர்த்திக்கொண்டு எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வருவார். ஆம்பூரில் சால்வைக்கு வேறு வேலை கிடையாது. எனக்கும் நூலகக் கூட்டங்களில் ஆறு பொன்னாடைகள் போர்த்தியிருக்கிறார்கள். ஆறும் ஜன்னலில் தொங்குகின்றன.

இரண்டாயிரத்து எட்டில் நீங்கள் கனடா கிளம்பிய அன்று, வஹீதா சால்வையை அம்பிகா கையில் கொடுத்தார். "அங்க இருக்கிறவங்க அசலப் பாத்தவங்க அக்கா. இவரு ஏமாந்தது ஊருக்குத் தெரிஞ்சது போதும், ஃபாரினுக்கும் தெரியவேணாம்" என்று சிரித்தார். நானும் கூடவே சிரித்தேன். இதை இப்போது எழுதும்போதுதான் அவர் ஏன் அதை விட்டுவிட்டுப் போனார் என்று எனக்கு உறைக்கிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

டூப்பாக இருந்தாலும் பரவாயில்லை, அம்மா போர்த்தியது என்றுதான் சஹர் கேட்டாள். மடித்து அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் வெளிநாட்டுக்குப் போகும் சரக்கைச் சோதிக்காமல் அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. அசல் பஷ்மினாவைக் கண்டுபிடிப்பது எப்படி என்று போனில் தேடினேன். "அது நெஜமோ டூப்போ, உங்களுக்கு இன்னா போவுது?" என்று அம்பிகா கேட்டாள். அப்போதே நிறுத்தியிருக்கலாம்.

மோதிரத்துக்குள் நுழைகிறதா என்று பார்க்கச் சொன்னது. அம்பிகாவின் மோதிரத்தில் தண்ணீர் போல நுழைந்தது. பட்டும் விஸ்கோஸும்கூட நுழையும் என்று அடுத்த வரியில் போட்டிருந்தது. பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னது. நூல் ஒரே சீராக இருந்தால் மெஷின், ஏற்ற இறக்கமாக இருந்தால் கையால் நூற்றது என்று படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். நான் கழித்ததற்குச் சொன்ன காரணமே அதுதான். தோலில் குறை இருந்தால் கழிவு. அங்கே குறைதான் அத்தாட்சியாம்.

கடைசியாகத் தீ. எரித்தால் முடி கருகும் வாசனை வர வேண்டும், சாம்பல் பொடியாக உதிர வேண்டும். ஓரக் குஞ்சத்தில் ஒரே ஒரு நூலை எடுக்கச் சொல்லியிருந்தது. நான் எங்கே வெட்டியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். தோலின் ஓரம் வயிற்றுப் பகுதி, அதை நம்பக்கூடாது, சாம்பிள் எடுத்தால் முதுகில்தான் எடுக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! கத்தரியை எடுத்தேன். சரியாக நடுவில், இரண்டு விரல் அகலம்.

எரித்தேன். தோல் ஊறும் சுண்ணாம்புக் குழி வாசனையிலேயே என் மூக்கு செத்துப் பல வருஷம் ஆகிறது. அம்பிகாவைக் கூப்பிட்டேன். "ச்சீ, முடி கருவுற நாத்தம்" என்றாள். பிறகு என் கையில் இருந்த கத்தரியைப் பார்த்தாள்.

மறுநாள் பஜாருக்குப் பின்னால், கிழிந்த துணியில் இழை கோத்துத் தைக்கும் அக்தர் பானுவிடம் எடுத்துப்போனேன். விரித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது அசல் பஷ்மினா. கையால நூத்து, கையால நெய்ஞ்சது. எங்க நானி, அதாண்ணே பாட்டி, அவங்க கிட்ட ஒண்ணு இருந்துச்சு" என்றார். விரல் ஓட்டையில் பட்டதும், "யா அல்லா, இத நடுவுல வெட்டுன கசாப்புக்காரன் யாரு?" என்றார். எலி என்று சொன்னேன். "எலி சதுரமா கடிக்காதுண்ணே" என்றார்.

ஒன்பது நாள் வேலை. அந்தச் சால்வையின் ஓரத்திலிருந்தே நூலை உருவி அடைத்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலுக்குத் தெரியும். சஹர் போர்த்தினால் பிடரிக்குக் கீழே வரும்.

இன்று பார்சல் அனுப்பிவிட்டேன். பழுதான சரக்கு என்று அவள் திருப்பி அனுப்பினால் வாதாடமாட்டேன். அவள் நூறாண்டு வாழட்டும். அதைப் போர்த்திக்கொள்ளும்போதெல்லாம், அவள் அப்பா ஒருமுறைகூட ஏமாறவில்லை என்பது அவளுக்கு நினைவிருக்கட்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை வஹீதாவை அடக்கிய கபருக்குப் போ. சால்வை வேண்டாம், பனியில் நனைந்துவிடும். சொன்னால் போதும். அது அசல் என்று சொல். புகழேந்தி சொன்னான் என்று என் பெயரையும் சேர்த்துச் சொல். இருபத்தொன்பது வருஷம் முன்னால் நான் போட்ட குறிக்கு நீ மறுபேச்சு பேசவில்லை. இதற்கும் பேசாதே.

என்றும் உன்,
புகழேந்தி