இடப்பக்கம் முறுக்கிய ஏணி

என் தங்கமான பேச்சிக்கு,

நேற்று நம் மகள் முன்னால் அசடு வழிந்தேன். அதற்கு முன் தெருவில் போனவர் வந்தவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிப் பீற்றிக்கொண்டதுதான் பெரிய கூத்து.

நீ கண்ணை மூடியபோது இரண்டு வயதுக் குழந்தையாயிருந்த சுமதி இப்போது பழனியில் காலேஜ் படிக்கிறாள். டி.என்.ஏ. என்று ஒன்று, நம் உடம்பின் செல்லுக்குள் சுருண்டு கிடக்கிறதாம். பார்க்க முறுக்கிய கயிற்றேணி மாதிரியாம். அதைப்போல ஒரு உரு செய்துகொண்டு போனால்தான் மார்க்.

"கயிறு திரிக்கிற ஆளு நான் இருக்கேன். நீ போய்ப் படி தாயி" என்றேன். பத்தாவது பெயிலானவனுக்கு வேறென்ன பெருமை? சொட்டுநீர்க் குழாய் இரண்டு, நடுவே படியாக மூங்கில் சிம்பு. முறுக்கி நிறுத்தியதும் இடுப்புயரம் நின்றது. நம் ஊர் கவுஞ்சியில் பாதிப்பேர் வந்து பார்த்தார்கள்.

நேற்று சுமதி ஊருக்கு வந்து, பையிலிருந்து களிமண் உரு ஒன்றை எடுத்தாள். அது புரதமாம். காலேஜில் அளவெடுத்துச் செய்தது. ஏணியை முறுக்கினால் அகலமாக ஒரு பள்ளமும் ஒடுக்கமாக ஒரு பள்ளமும் விழும். புரதம் விரல் போன்ற தன் முனையை அகலப் பள்ளத்தில் விட்டு, படிகளின் ஓரத்தைத் தடவியே எந்த இடம் என்று கண்டுகொள்ளுமாம். ஏணியைப் பிரிக்கவே வேண்டாமாம். சரியான இடமென்றால் பிடித்துக்கொண்டு, வேலையைத் தொடங்கு, நிறுத்து என்று செல்லுக்குச் சொல்லுமாம்.

வைத்துப் பார்த்தாள். உட்காரவில்லை. பள்ளம் ஒரு பக்கம் சரிய, விரல் மறுபக்கம் சரிந்தது.

"அப்பா, வலப்பக்கம்ல முறுக்கணும்! எடப்பக்கமா முறுக்கி வச்சிருக்கீங்க."

"கொஞ்சம் திரும்பிருச்சு. அதுக்குப் போயி மார்க்கைக் கொறைப்பாங்களா?"

"இதுல எந்தப் புரதமும் ஒக்காராதுப்பா. இப்படி ஒரு உசுரு இருந்தா, நம்ம கவுஞ்சியில மட்டுந்தான் இருக்கும்."

சிரித்தாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. மறுநாள் வெள்ளனே பஸ்.

பிரித்து மறுபடி முறுக்கினோம். என் கை தானாக இடப்பக்கமே போனது. மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். "யாருப்பா உங்களுக்கு இப்படிப் பழக்கிவிட்டது?"

நீதான். பூண்டுக் கட்டுக்குக் கற்றாழை நார் திரிக்க எனக்குக் கற்றுக்கொடுத்த, எல்லாவற்றுக்கும் இடக்கையே நீட்டுகிற நொட்டாங்கைக்காரி. உன் பக்கத்தில் உட்கார்ந்து, நீ திரித்த மாதிரியே திரித்துப் பழகினேன். சுமதிக்கு உன்னைப் போட்டோவில்தான் தெரியும். எந்தக் கைக்காரி என்று போட்டோ சொல்லுமா?

"அது தானா வருது. வெரசா பிடி" என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

இன்று காலை ஏணி பஸ் ஏறிவிட்டது. புரதம் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.

அவள் அடுத்த முறை வரும்போது நாரை எடுத்துப் போட்டு, உன் பக்கமாகத் திரிக்கச் சொல்லிக்கொடுப்பேன். இது சத்தியம். நேற்று அவள் கேட்டபோது நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டதை அப்போதாவது சொல்ல வேண்டும்:

"இது உங்கம்மா கை, தாயி."

உன் வீட்டுக்காரன்,
சுமதியின் அப்பா