சந்தைப் படம் யார் கைவண்ணம்?

1976, தை மாதம், செவ்வாய் இரவு. வேலந்தாவளம்.

இன்று ஜெயித்தாகிவிட்டது. அந்த மகிழ்ச்சியில் தூக்கம் வரவில்லை.

மாட்டுச் சந்தையை வரைந்த அந்தப் பழைய படத்தில் கையெழுத்து இல்லை. நாளை அது பாலக்காட்டுக் கண்காட்சிக்குப் போகிறது; அதை எடுத்துப்போகத்தான் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன். வரைந்தவர் காலமான தன் அண்ணன் என்று சொல்லிவந்தார் வீட்டுக்காரர் சென்னியப்ப கவுண்டர். அண்ணனின் மனைவி ரங்கம்மாளோ, வரைந்தது தான்தான் என்றார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. பெயர்ச்சீட்டில் அண்ணன் பெயரை எழுதியும்விட்டிருந்தார்கள்.

"அண்ணன் மெட்ராஸ்ல படம் வரையப் படிச்சவருங்க. அண்ணி கோலம் போடுவாங்க, அவ்வளவுதான்" என்றார் கவுண்டர்.

படத்தில் சந்தை மேலிருந்து தெரிகிறது. கிணற்றின் பாதியைப் புளியமரம் மறைக்கிறது. சந்தையைப் பார்த்திருக்கும் இந்த வீட்டு மாடி ஜன்னல் ஒவ்வொன்றிலும் நின்று பார்த்தேன். கிணறு அப்படித் தெரிவது ஒரே அறையிலிருந்துதான். பிள்ளை பெற்ற பெண்களைப் படுக்கவைத்த அறை அது. இப்போது வெங்காயம் கொட்டியிருக்கிறார்கள்.

"உங்க அண்ணன் இங்கே வந்து உட்கார்ந்ததுண்டா?" என்று கேட்டேன்.

"அப்பெல்லாம் ஆம்பளைக இதுக்குள்ள காலே வெக்க மாட்டமுங்க" என்றவர், ஜன்னலுக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார்.

ரங்கம்மாள் சிரித்தார். "இப்பவாச்சும் வெளங்குச்சா, கொழுந்தனாரே?"

கவுண்டர் தன் கையாலேயே அண்ணன் பெயரை அடித்து அண்ணி பெயரை எழுதினார். கணவர் இருந்தவரை ஏன் வாய் திறக்கவில்லை என்று அந்த அம்மாளிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. மூலையில் நிற்கும் காளைக்கு ஏன் ஒரே கொம்பு என்று மட்டும் கேட்டேன்.

"இன்னொண்ணு போடறதுக்குள்ள புள்ள அழுதிருச்சுங்க. அப்பறம் நேரமே ஒழியல."

நாளை வண்டி வருவதற்குள் அதைப் போட்டுவிட வேண்டுமென்று பெயிண்ட் கேட்டிருக்கிறார்.