கிணற்றுக் காட்சிக்கு ஒரு நிறம்

நேற்று மாலை உதவி இயக்குநர் போனில் உறுதிப்படுத்தினார். குன்னம் கிணற்றைப் பற்றி நான் எழுதிய சிறுகதை இணையத் தொடராகிறது. முதல் காட்சி, தண்ணீரில் மிதக்கும் பச்சைத் தாவணி. மாதிரிக்கு எடுத்ததையும் அனுப்பியிருந்தார். செத்துக் கிடப்பவளின் உடம்பை விட்டு கேமரா நகரவே இல்லை. பின்னால் இதமாக ஒரு குழல். பாதியில் நிறுத்தினேன்.

கொலைப் படம் எதையும் நான் விட்டதில்லை, உனக்குத் தெரியும். கதை எழுதுகிறவன் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று உன்னையும் இழுத்துப் போவேன். பெரம்பலூர் தியேட்டரில் ஒருமுறை எல்லோரும் மூச்சடக்கி உட்கார்ந்திருக்க, முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாய்: "ரத்தமாய்யா இது? ரோஸ்மில்க்க ஊத்தி வச்சிருக்கானுங்க."

முன்வரிசைக்காரர் திரும்பினார். "ஏங்க, நீங்க என்ன டாக்டரா?"

"பேப்பர் போட்டோகிராபருங்க. நெறய பாத்தாச்சு."

நிறையப் பார்த்தவன் நீ. ஆனாலும் உன் கேமரா பையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும். அன்று குன்னத்து மக்காச்சோளக் காட்டுக் கிணற்றிலிருந்து அந்தப் பெண்ணை மேலே தூக்கியதும் முதலில் துண்டைப் போர்த்தினாய். பிறகு கிணற்று மேட்டை மட்டும் படம் எடுத்தாய்.

நிருபரான நான் 'பச்சைத் தாவணி அணிந்த, அடையாளம் தெரியாத பெண்' என்று எழுதி அனுப்பினேன். ஆள் தெரியாத உடல் என்றால் உடுப்பை எழுதுவது வழக்கம். சாயங்காலமே போலீஸ் அவள் யாரென்று கண்டுபிடித்துவிட்டது. பெயரைச் சேர்த்தேன், நிறத்தை எடுக்கவில்லை. மகளைத் தேடி ஜெயங்கொண்டம் போயிருந்த தாய்க்கு வீட்டார் இன்னும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் காலை அங்கே பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் யாரோ பேப்பரைச் சத்தமாக வாசிக்க, அந்த அம்மாள் கேட்டிருக்கிறார்.

"பேரு வர்றதுக்கு முன்னயே தெரிஞ்சுபோச்சுங்க. அந்தத் தாவணிய நாந்தான எடுத்துக் குடுத்தேன்" என்றார், பிறகு நாம் குன்னம் போய்ப் பார்த்தபோது. அரியலூர் வந்து வண்டியை நிறுத்தியபின் கேட்டாய்: "ஆளு தெரிஞ்சப்புறம் நெறம் எதுக்குய்யா?"

அதனால்தான் கதையில் நிறமே எழுதவில்லை. பிறகு பச்சை எங்கிருந்து வந்தது என்று நேற்று உதவி இயக்குநரிடம் கேட்டேன்.

"உங்க பழைய நியூஸ்லேர்ந்துதான் சார். செம ரியலா இருந்துச்சு."

அந்தக் காட்சியைப் பார்த்தபோது அவர்கள்மேல் வந்த அருவருப்பு திரும்பவும் வந்தது. இம்முறை என்மேல்.

"அந்தம்மா இன்னும் குன்னத்துலதான் இருக்காங்க. வூட்ல டிவி இருக்கு. நெறமும் வேணாம், உடம்பும் வேணாம் தம்பி."

"சார், ஜனங்கள உக்கார வைக்கிறதே அந்த சீன்தான்!"

"அப்ப கதை இல்லீங்க."

நீ போய்ச் சேர்ந்தபிறகு உன் மனைவி கேமரா பையை என்னிடம் கொடுத்தார். கடைசியாக நீ வாங்கி வைத்த துண்டு அதில் பிரிக்காமல் இருந்தது. நேற்று அதை எடுத்து, கையெழுத்திடாத ஒப்பந்தத்தின் மேல் வைத்தேன். இயக்குநர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்வதாகத் தகவல். இன்று செவ்வாய்.