கடலடியை அளந்த நாள்

வக்கீல் தம்பிக்கு,

எங்கள் நாட்டின் கண்டத்திட்டு கடலுக்கு அடியில் எதுவரை நீள்கிறது என்று கப்பலில் போய் அளந்தவள் நான். அந்த அளவு தப்பு என்று கடல் எல்லை வழக்கில் வாதாட எதிர்நாடு உன்னை வைத்தது. தாராளமாக வாதாடு, அது உன் பிழைப்பு.

ஆனால் நேற்று என்னைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி, "இவங்க அன்னைக்கு அழுதுக்கிட்டே அளந்தாங்க. அந்த அளவை எப்படி நம்புறது?" என்று கேட்டாயே! போனில் உன்னிடம் மட்டும் சொன்னதையா சபையில் போட்டு உடைப்பாய்? அளந்தது கருவியடா, என் கண் இல்லை.

"ஏன் அழுதீங்க?" என்றார் நடுவர். அம்மா இறந்த செய்தி அன்றுதான் கப்பலுக்கு வந்தது என்றேன். எல்லோரும் தலைகுனிந்தார்கள். நீ அடுத்த பக்கத்தைப் புரட்டினாய்.

அம்மா பெற்றது இரண்டு பிள்ளைகள் என்று நான் அங்கே சொல்லவில்லை. இனி யார் கேட்டாலும் ஒன்றுதான் என்பேன்.

இப்படிக்கு,
எதிர்த்தரப்புச் சாட்சி